புழுங்கல் அரிசி காப்பாற்றியதா? சிரம்பானில் டாக்டர் பிராடன் போட்ட கணக்கு

உங்கள் வீட்டில் என்ன அரிசி? பொன்னி புழுங்கலா, சயாம் வெள்ளை அரிசியா, பாஸ்மதியா? பெரும்பாலான மலேசியத் தமிழ் வீடுகளில் இது வெறும் ருசி சம்பந்தப்பட்ட கேள்வி. பாட்டிக்குப் புழுங்கல், பேரனுக்கு வெள்ளை, அவ்வளவுதான். ஆனால் சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் இதே நெகிரி செம்பிலானில் இந்தக் கேள்விக்கான பதில், ஒருவர் நடப்பாரா, படுக்கையில் விழுவாரா, பிழைப்பாரா என்பதையே முடிவு செய்தது. அதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் சிரம்பானில் வேலை பார்த்த ஒரு டாக்டர்.

அவர் பெயர் வில்லியம் லியோனார்ட் பிராடன். பிரிட்டிஷ்காரர், அறுவை மருத்துவர். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை அரசு மருத்துவராக இருந்தவர். வெப்பமண்டல மருத்துவ வரலாற்றில் பெரிபெரி பற்றிய பக்கத்தைத் திறந்தால் இவர் பெயர் வராமல் போகாது. ஆனால் சிரம்பானில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது. அவரது குடும்பம், கல்லூரி போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம். அவர் வாழ்க்கையில் நமக்கு முக்கியமான பகுதி, ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு ஊரே நம்பிய ஒரு விஷயத்தை அவர் சோதித்துப் பார்த்ததுதான்.

பெரிபெரி என்றால் என்ன?

இன்று மலேசியாவில் ஒரு மருத்துவ மாணவர் பெரிபெரி நோயாளியைப் பார்ப்பதே அரிது. அன்று அப்படி இல்லை. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு கெண்டைக்கால் தசை வலிக்கும், நடை தள்ளாடும், கை தொங்கிப்போகும். சிலருக்கு உடம்பு மெலிந்து வாதம் வந்தது போலாகும். வேறு சிலருக்குக் காலும் வயிறும் நீர் கோத்து வீங்கும், மூச்சு முட்டும், ஒரு நாள் திடீரென இதயம் நின்றுவிடும். நேற்று வரை ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்த இருபத்தைந்து வயது ஆள் இன்று இல்லை.

அந்தக் காலச் சிரம்பானைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊருக்கே சுங்கை ஊஜோங் என்ற பெயர்தான் அப்போது பிரபலம். சுற்றிலும் ஈய லம்பங்கள், அவற்றில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள். போர்ட்டிக்சனுக்கு 1891லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ரந்தாவ், லாபு, லிங்கி பக்கமெல்லாம் முதலில் காப்பி, பிறகு பால்மரம். தோட்டம் திறக்கத் திறக்க, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். கம்பங்களில் மலாய்க்காரர்கள் தங்கள் சொந்த நெல்லைப் பயிரிட்டுச் சாப்பிட்டார்கள். ஒரே மாநிலம், ஒரே மழை, ஒரே வெயில். ஆனால் பெரிபெரி மட்டும் எல்லாரையும் ஒரே மாதிரி தொடவில்லை.

ஊர் நம்பியது ஒன்று

ஏன் இந்த நோய் வருகிறது என்று கேட்டால் அன்று பல பதில்கள் இருந்தன. பூமியிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று என்றார்கள். இந்தக் கட்டடத்தில் நோய் குடியிருக்கிறது, ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றினால் போய்விடும் என்றார்கள். ஈரத் தரை, நெரிசல், அபின் பழக்கம் என்று சிலர் சொன்னார்கள். சீனர்களின் உடம்புவாகே அப்படி என்று இனத்தின் மேல் பழியைப் போட்டவர்களும் உண்டு.

படித்த மருத்துவர்களிடம் செல்வாக்குப் பெற்றது கிருமிக் கோட்பாடு. அது பாஸ்ச்சரும் கோக்கும் கிருமிகளைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியிருந்த காலம். எந்த நோயானாலும் ஒரு கிருமி இருந்தே ஆக வேண்டும் என்ற மனநிலை. கோலாலம்பூரில் 1900ல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் என்பவரும் பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்று உறுதியாக வாதிட்டார். (இதே ரைட்தான் பிற்பாடு அமெரிக்காவின் அபின் எதிர்ப்புக் கொள்கைக்கு முக்கிய ஆளானார். அது வேறு கதை.) கிருமி என்று முடிவு செய்துவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள்? வார்டைக் கழுவுவார்கள், ஆட்களைப் பிரித்து வைப்பார்கள், இடத்தை மாற்றுவார்கள். நோய் மட்டும் நிற்காது.

பிராடன் எண்ண ஆரம்பித்தார்

பிராடனிடம் விலை உயர்ந்த ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எந்த இனத்தவர், என்ன தொழில், என்ன நோய், எப்படி முடிந்தது என்று சொல்லும் பதிவேடுகளே அவருக்குப் போதுமாக இருந்தன. அவற்றில் ஒரு விஷயம் கண்ணைக் குத்தியது. பெரிபெரி என்று எழுதிய இடங்களில் பெரும்பாலும் சீனப் பெயர்கள். தமிழர்கள் பெயர் வெகு அபூர்வம். கம்பத்து மலாய்க்காரர்களும் அப்படியே.

இங்கே கொஞ்சம் நிற்போம். இப்படி ஒரு தகவல் இன்று வாட்ஸ்அப்பில் வந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை பேரில்? சீனர்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தால் நோயாளிகளும் அதிகமாக இருப்பார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. உதாரணத்துக்கு, ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 பேர் உள்ள கூட்டத்தில் 50 நோயாளிகள், 100 பேர் உள்ள கூட்டத்தில் 5 நோயாளிகள். ஐம்பது பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் விகிதம் இரண்டிலும் 5 சதவீதம்தான். ஆளை எண்ணுவது மட்டும் போதாது, மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது. தமிழர்கள் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை என்றால்? அப்போது பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லாததற்கு நோய் இல்லை என்று அர்த்தமாகாது. ஆனால் தமிழர்கள் வராமல் இல்லை. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பிடித்துத் தோட்டத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அத்தனை நோயாளிகளுக்கு நடுவே பெரிபெரி மட்டும் அவர்களிடம் காணோம். ஆக இது பதிவேட்டின் ஓட்டை இல்லை.

சரி, அப்படியானால் இந்த மூன்று கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? பிராடன் அவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார். மூவருமே சோறு சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் மூன்றும் ஒரே அரிசி அல்ல.

சுரங்கத் தொழிலாளர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசி. பச்சையாகவே ஆலையில் அரைத்து, தவிடு போகத் தீட்டி, மூட்டையில் அடைத்து, கிடங்கில் வைத்து விற்றது. கம்பத்து மலாய்க்காரர்கள் நெல்லாகவே வைத்திருந்து, தேவைப்படும்போது வீட்டு உரலில் குத்திச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் சாப்பிட்டது நமக்குத் தெரிந்ததுதான்: நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அப்புறம் குத்திய புழுங்கல் அரிசி. அது இங்கே விளைந்ததல்ல, தோட்டத்துக் கூலிகளுக்கென்றே இறக்குமதியாகி வந்தது.

1901ல் பிராடன் தன் கருத்தை வெளியிட்டார். இடமும் இல்லை, காற்றும் இல்லை, இனமும் இல்லை. காரணம் அரிசி.

நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்ட சோற்றை ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஒரு பெரிய நோய்க்கான துப்பாக எடுத்துக்கொண்டார் என்பது கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் புள்ளிவிவரம் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் கையைத் தூக்குவார். தமிழர்களும் சீனர்களும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? ஒருவர் தோட்டத்தில், மற்றவர் சுரங்கத்தில். ஒருவர் லயத்தில், மற்றவர் கொங்சி வீட்டில். தொழில் வேறு, பழக்கவழக்கம் வேறு, பக்கத்தில் சேர்த்துக்கொண்ட பதார்த்தம் வேறு. எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, அரிசிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பின்னலைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி, ஒரே இனத்துக்குள் அரிசி மாறினால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. சொந்த நெல்லை விட்டுச் சயாம் அரிசிக்கு மாறிய மலாய்க்காரர்கள் நோயில் விழுவதைப் பிராடன் எடுத்துக்காட்டியது இதற்காகத்தான். ஆனாலும் எதிராளிகள் ஒப்பவில்லை.

ஜாவாவில் 101 சிறைகள்

இதே புதிரை நீரிணைக்கு அந்தப் பக்கம் டச்சுக்காரர்களும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதைக் கவனித்தார். கோழிக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்குமா? அடோல்ஃப் வோர்டர்மான் என்ற மருத்துவ அதிகாரி 1890களின் பிற்பகுதியில் ஜாவாவின் 101 சிறைகளைக் கணக்கெடுத்தார். தவிடு நீங்காத அரிசி போட்ட 37 சிறைகளில் பெரிபெரி இருந்தது ஒன்றே ஒன்றில். இரண்டும் கலந்து போட்ட 13ல் 6. தீட்டிய வெள்ளை அரிசி போட்ட 51ல் 36. அதாவது 3 சதவீதத்துக்கும் குறைவு, 46 சதவீதம், 71 சதவீதம். படிப்படியாக ஏறுவதைக் கவனியுங்கள். கட்டடம் பழையதா, காற்றோட்டம் உண்டா, நெரிசலா என்றும் அவர் சேர்த்தே குறித்துக்கொண்டார். அவை எதுவும் நோயோடு ஒத்துப்போகவில்லை. ஒரு கேள்வித்தாள், ஒரு சக்கரை வண்டிப் பயணம், கொஞ்சம் பொறுமை. ஒரு நல்ல சர்வேக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை

பிராடனின் கருத்தை நேரடியாகச் சோதித்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற இன்னொரு டாக்டர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ல் பெரிபெரி கடுமையாக இருந்தது. நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு பக்க வார்டு, அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் எதிர்ப்பக்க வார்டு, அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடு எல்லாம் ஒன்றே.

ஒற்றை இரட்டை பிரிப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். அதில்தான் சூட்சுமம். இனம், தொழில், பழக்கம் எதையும் பார்க்காமல் பிரித்ததால் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைந்தன. சிரம்பான் பதிவேட்டில் பின்னிக் கிடந்தது இங்கே பிரிந்துவிட்டது. வார்டில்தான் கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பாதி ஆண்டில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றியும் வைத்தார்.

1906 முடியும்போது கணக்கு இது. வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி, 18 பேர் அதனால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் 2 பேருக்குத்தான் நோய், அந்த இருவரும் சேரும்போதே நோயோடு வந்தவர்கள். மரணம் ஒன்றுகூட இல்லை.

இது தற்செயலாக நடந்திருக்குமா? நீங்களே பார்க்கலாம், கால்குலேட்டர் போதும். அரிசிக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கூட்டமும் ஏறத்தாழ சமம் என்பதால், ஒவ்வொரு மரணமும் காசு சுண்டுவது மாதிரி: பாதி வாய்ப்பு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். 18 மரணங்களும் வெள்ளை அரிசிப் பக்கமே விழ வேண்டுமென்றால், காசைத் தொடர்ந்து 18 தடவை சுண்டி 18 தடவையும் தலையே விழ வேண்டும். 2ஐ 18 தடவை பெருக்கினால் 2,62,144. அதாவது சுமார் இரண்டரை லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அரிசிக்குச் சம்பந்தம் இல்லை என்று இதற்கு மேலும் ஒருவர் சொன்னால், அவர் லாட்டரிச் சீட்டு வாங்கப் போகலாம்.

ஆனால் அந்த 18 என்பது வெறும் எண் இல்லை. மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அன்றைய காலனி மருத்துவம் அப்படித்தான் நடந்தது. வெள்ளை அரிசி அங்கே வழக்கமான சாப்பாடுதான், புதிதாக எதையும் திணிக்கவில்லை என்று ஒரு வாதம் உண்டு. இருந்தாலும், நோய் ஒரு பக்கம் மட்டும் குவிவது தெரிந்த பிறகும் ஆண்டு முடியும் வரை ஏன் தொடர்ந்தார்கள்? இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.

சரியான கணக்கு, தவறான காரணம்

ஃபிளெட்சரின் முடிவுகள் வெளியான அதே 1907ல் பிராடன் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 500 பக்கத்துக்கு மேல். தன் மொத்தக் கணக்கையும் அதில் கொட்டினார்.

அதில் அவர் சொன்ன காரணம் தவறு. வெள்ளை அரிசி கிடங்கில் கிடக்கும்போது பூஞ்சை போன்ற ஏதோ ஒன்று அதில் விஷம் உண்டாக்குகிறது, புழுங்க வைத்தால் அது தடைபடுகிறது, புதிதாகக் குத்திய அரிசியில் விஷம் சேர நேரமில்லை என்பது அவர் விளக்கம். தன் எல்லாத் தகவலுக்கும் அது அழகாகப் பொருந்தியது. கம்பத்து மலாய்க்காரர்கள் ஏன் தப்பினார்கள் என்பதற்கும் பதில் இருந்தது. ஆனால் சர்வே எந்த அரிசி என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று அது சொல்வதில்லை. அந்த ஏன் என்ற கேள்விக்கு அவர் தன் ஊகத்தை வைத்தார்.

அதைச் சரிசெய்தவர்கள் கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டனும். அவர்கள் களமும் நெகிரி செம்பிலான்தான்: டுரியான் திப்புஸ். 1907ல் அங்கே காட்டுக்குள் ரோடு போடும் வேலையில் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல். சில மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் கால்கள் மரத்துப்போகத் தொடங்கின. அரிசியை மாற்றியதும் நோய் நின்றது. புழுங்கல் சாப்பிட்டவர்களுக்கு வெள்ளை அரிசி போட்டுப் பார்த்தபோது அவர்களுக்கும் வந்தது. நோயாளியோடு சேர்ந்து இருந்ததால் யாருக்கும் தொற்றவில்லை. கிருமிக் கோட்பாடு அந்தக் காட்டிலேயே முடிந்தது.

அடுத்து கோழிகள். பழைய அரிசிதான் விஷமென்றால் அன்றே தீட்டிய அரிசி பாதுகாப்பாக இருக்க வேண்டுமே? இல்லை, அதைத் தின்ற கோழிகளுக்கும் கால் போனது. தீட்டும்போது கழிந்த தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் கோழிகள் நன்றாக இருந்தன. ஆக, வெள்ளை அரிசியில் கூடுதலாக எதுவும் சேரவில்லை. அதிலிருந்து ஏதோ ஒன்று போய்விட்டது. 1910ல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, பெரிபெரிக்கும் தீட்டிய வெள்ளை அரிசிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டது. மலாயாவின் அரசுச் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் புழுங்கல் அரிசி வந்தது. போய்விட்ட அந்தப் பொருளை 1926ல் ஜாவாவில் யான்சென், டோனாத் இருவரும் பிரித்தெடுத்தார்கள். இன்று அதை வைட்டமின் பி1, தயமின் என்கிறோம். 1929ல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிரம்பான் டாக்டருக்குக் கிடைத்தது அடிக்குறிப்புகளில் ஓர் இடம்.

புழுங்க வைப்பதில் என்னதான் நடக்கிறது? தயமின் நீரில் கரையும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலிலும் முளையிலும் இருக்கும் தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மணியும் கெட்டிப்படுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் உள்ளே போனது முழுக்கப் போகாது.

முன்னோர்கள் வைட்டமின் தெரிந்தே அவித்தார்கள் என்று ஒரு பதிவு உங்கள் குடும்பக் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவித்தால் குத்தும்போது அரிசி நொறுங்காது, நாள்பட நிற்கும். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இந்தக் காரணமே போதும். பிராடனின் கணக்கை வைத்துத் தமிழன் உடம்பு பலமான உடம்பு என்று பெருமை பேசுவதும் சரியில்லை. பெரிபெரி தொடாத அதே தோட்டத் தமிழர்கள் மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

அரிசி மாறியபோது

இன உடம்புவாகு என்ற பேச்சுக்குக் கடைசிப் பதில் எந்த டாக்டரின் திட்டத்திலும் இல்லாத ஒரு கொடுமையிலிருந்து வந்தது. 1942ல் ஜப்பானியர்கள் மலாயாவைப் பிடித்தபின், சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ரயில்பாதை போட மலாயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். சயாம் மரண ரயில் என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத புண். அவற்றோடு, தோட்டத்து லயங்களில் இருந்தவரை தமிழர்களிடம் அபூர்வமாக இருந்த பெரிபெரியும் சேர்ந்துகொண்டது. அங்கே அவர்களுக்குப் போட்டது கொஞ்சம் வெள்ளை அரிசிச் சோறு, பெயருக்குக் குழம்பு. பக்கத்து முகாமில் அதே சோற்றைத் தின்ற பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளின் கால்களும் அதே மாதிரி வீங்கின.